கறித்தூள் பக்கத்துக்கு வந்தவர்கள்

எனக்குக் கறித்தூள் வாசனை ஒத்துக்கொள்ளாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமலாம்பிகை அக்காவின் வீட்டுக்கு நான் சனிக்கிழமை தவறாமல் போனது ஏதோ ஆதாயத்துக்காக என்று நம் இலங்கைத் தமிழர் சங்கத்தில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பினாங்கு பர்மா ரோட்டில் இருந்த அந்த வீட்டின் பின்கட்டில் மிளகாயும் மல்லியும் வறுபடும்போது கண் எரியும், சட்டை நாறும். வீடு திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் உட்காருவேன். அங்கே எனக்கு என்ன ஆதாயம் இருந்திருக்க முடியும்?

செயற்குழு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. அக்காவின் மகன் யோகேஸ்வரன் உங்களிடம் கொடுத்த கடித நகல்களை நானும் பார்த்தேன். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். சங்கத்தின் துணைச் செயலாளர் நாகநாதனாகிய நான் எதையும் மறைத்தேன் என்ற பேச்சு வேண்டாம்.

இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துக் கோடு போடும் வேலை. ஓய்வு பெற்றதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, புத்தகம் பார்த்து இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். 1998 தைப்பூசம் முடிந்த கையோடு அக்காவின் கறித்தூளுக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். கணவர் விஸ்வலிங்கம் அண்ணர் இறந்த பிறகு அந்தத் தூளை விற்றுத்தான் அக்கா காலம் தள்ளினார். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம் ஆட்கள் பார்த்து வாங்குவார்கள் என்று நினைத்தேன்.

பக்கத்தின் அடியில் வருகையை எண்ணும் பெட்டி ஒன்று வைத்தேன். முதல் வாரம் பதினொன்று காட்டியது. அதில் ஏழு நான் பார்த்தது. தேடுதளங்களில் பதிந்தேன், மற்றப் பக்கங்களில் இணைப்புக் கேட்டு எழுதினேன், மீன்குழம்பு செய்முறை போட்டேன். வாரம் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. அந்த நாற்பதைப் பார்த்தால் எனக்கு என் மீதே வெறுப்பு வரும்.

அப்போதுதான் அக்கா மகனின் படத்தைப் போடச் சொன்னார். யோகேஸ்வரன் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவர். பத்து காவான் என்ற ஊரின் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முனுசாமியின் மகள் தனலெட்சுமியைக் கட்டிக்கொள்வேன் என்றார். அக்கா, நம் வீடுகளில் எல்லோரும் பேசுவதைப் போலத்தான், தோட்டத்துச் சனம் வாசல்படி ஏறக் கூடாது என்று பேசினார். அவர் போன பிறகு இரண்டு முறை போன் வந்ததாம். மகனின் குரலைக் கேட்டதும் அக்கா வைத்துவிட்டாராம். மனம் மாறியபோது போனும் வரவில்லை.

பத்திரிகையில் போட அக்கா சம்மதிக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்றார். இணையம் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பது, பினாங்கில் யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். மகனும் வெளிநாட்டில்தான் இருப்பார் என்று உறுதியாக நம்பினார். நம் குடும்பங்களில் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போனாலும் லண்டனுக்குத்தானே போவார்கள். பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

படத்தைப் போட்டேன். கீழே தாய் மகனுக்குச் சொல்வதாக நான்கு வரி. அடுத்த வாரம் எண் முந்நூற்றைத் தாண்டியது.

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டி வைத்தேன். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். என் வாழ்நாளில் நான் செய்த எதையும் பார்க்க முந்நூறு பேர் வந்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, என் வீட்டுக்குத் தபால்காரனைத் தவிர யாரும் வருவதில்லை.

வந்தவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பக்கத்தில் எழுதிவிட்டுப் போக ஓர் ஏடு இருந்தது. அதில் அவர்கள் எழுதுவதைப் படித்தால் குமட்டும். ஒருத்தி தாயின் கண்ணீரைப் படித்துத் தானும் அழுததாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தூளில் பெருஞ்சீரகம் எத்தனை பங்கு என்று கேட்டிருந்தாள். பிணத்தைச் சுற்றி மொய்க்கும் ஈ மாதிரி வந்தார்கள். ஆனால் வந்தார்கள். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

வாரம் ஒரு கடிதம் என்று வழக்கமாயிற்று. அக்காவுக்குக் கண்ணில் புரை, கம்ப்யூட்டரைக் கண்டாலே பயம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். வந்த மின்மடல்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அழும்போது அக்கா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைப்பார். அதே கையால் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். நான் குடித்ததில்லை.

ஒரு வாரம் தலைவலி என்று கடிதம் சொல்லாமல், பேரனைக் கொஞ்சும் கனவு ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார், அதையே பக்கத்தில் போட்டேன். அந்த வாரம் வருகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மக்களுக்கு எது வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை, லண்டன் ஈஸ்ட்ஹாமில் யோகேஸ்வரனைப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார் என்று படித்துக் காட்டினேன். அப்படி யாரும் எழுதவில்லை. அக்கா எழுந்துபோய் சாமி விளக்கை ஏற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை, அது வேறு ஆள் என்று படித்தேன். அன்று அவர் சொன்ன கடிதம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. இரண்டாயிரம் பேர் படித்தார்கள். பிறகு இதே முறையை ஐந்து தடவை செய்தேன்.

அங்கே தூள் பொட்டலம் கட்டிய ஜெயலெட்சுமி, தாசேக் கெலுகோரிலிருந்து வருபவள், ஒரு நாள் வாசல் வரை வந்து என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, நீங்க வந்துட்டுப் போனா அக்கா ரெண்டு நாளைக்குச் சோறு திங்கிறது இல்ல. நல்ல சேதி வந்தா மட்டும் படிங்கலா."

அவளுக்குப் புள்ளிவிவரம் புரியாது.

1999 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை யோகேஸ்வரனிடமிருந்து மடல் வந்தது. போலி இல்லை. கறிவேப்பிலையை அம்மா இன்னும் கடைசியில்தான் போடுகிறாரா என்று கேட்டிருந்தார். அக்கரையில் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தனலெட்சுமியைக் கட்டி, இப்போது ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று. கமலா என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மா இரண்டு முறை போனை வைத்துவிட்டதால் பயமாக இருக்கிறது, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க முடியாது, 'வா' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்.

நான் அன்று பகல் முழுவதும் யோசித்தேன். மகன் கிடைத்துவிட்டான் என்று போட்டால் ஒரு நாள் கூட்டம் வரும். அதன் பிறகு யார் வருவார்கள்? கறித்தூளுக்கு நாற்பது பேர். உலகம் முழுவதும் தேடிய மகன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்துப் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதில் என்ன இருக்கிறது? எனக்கு அந்த மடலே அசிங்கமாகப்பட்டது.

அக்காவின் பெயரில் பதில் எழுதினேன். பக்கத்தில் இருப்பது பார்ப்பவர்களுக்காகச் சொன்னது, என் மனம் இன்னும் ஆறவில்லை, நானே கூப்பிடும் வரை வராதே, போன் பண்ணாதே என்று. ஏறக்குறைய ஒரு வருடம் அவர் சொல்லக் கேட்டு எழுதியவன், அவருடைய நடை எனக்குக் கைவந்திருந்தது. யோகேஸ்வரன் மேலும் மூன்று தடவை எழுதினார். மூன்றுக்கும் பதில் போட்டேன். கடைசி மடலோடு குழந்தையின் படம் இருந்தது. அதற்கு, அந்த முகத்தை எனக்குக் காட்டாதே என்று எழுதினேன். உங்கள் கையில் இருப்பவை அந்த நான்கு நகல்கள்தான்.

இதற்கிடையில் மாதம் பத்தாயிரம் என்று ஓர் இலக்கு வைத்திருந்தேன். ஜூன் இருபத்தெட்டில் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தச் செய்தியைக் காலையிலேயே ஏற்றினேன். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது, இலக்குக்கு இன்னும் நானூறு பேர் வேண்டியிருந்தது. மதியத்துக்குள் யோகேஸ்வரன் அதைப் படித்துவிட்டு எழுதினார். அம்மா என்ன சொன்னாலும் பரவாயில்லை, வரட்டுமா என்று. தொழிற்சாலை போன் நம்பரும் கொடுத்திருந்தார். இந்த முறை என் பெயரில் பதில் எழுதினேன். உன்னைப் பார்த்தால் அதிர்ச்சியில் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார், நாளைக் காலை பத்து மணிக்கு நானே போன் செய்கிறேன், அதுவரை வராதே என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

மாலை நான்கு மணிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். நம்பர் எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது. வார்டில் டெட்டால் வாசனை, பக்கத்துக் கட்டிலில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி போன் கதவுக்கு வெளியே பத்தடியில் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"அவனிட்ட இருந்து ஏதும் வந்ததோ தம்பி?"

"இல்லக்கா."

"நான் அப்ப பேசினது பிழை. தனலெட்சுமிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுது. என்ர வாயால சொன்னதா எழுது."

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். பக்கத்தில் அந்த வாரக் கடிதமாக அதை ஏற்றலாம் என்று எடுத்து வைத்தேன். யோகேஸ்வரனுக்கு அனுப்பவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா இறந்துவிட்டார். பத்து மணிக்கு நான் போன் செய்யவில்லை. மாலை நான்கு மணிக்குத் தகனம். மகன் எங்கே என்று தெரியாதே என்று எல்லோரும் கலங்கி நின்றீர்கள். தலைவர் அவர்களே, நீங்கள்தான் என்னைத் தம்பி முறையில் கொள்ளி வைக்கச் சொன்னீர்கள். மறுக்கவில்லை. நெருப்பு வைத்த கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டு, வீட்டுக்குப் போய் மரணச் செய்தியை ஏற்றினேன். இரவு சாப்பாட்டுக்கு முன்பே பத்தாயிரம் தாண்டிவிட்டது. அக்காவின் கடைசி வார்த்தைகளைக் கீழே சேர்த்திருந்தேன். ஒவ்வொருவரும் அதில் வெகுநேரம் நின்றார்கள். இதில் அவருக்குச் சேர வேண்டிய பெருமையை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

இவ்வளவையும் செய்தவன் நான்தான். தாயையும் மகனையும் நான்தான் பிரித்து வைத்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினேன் என்று யோகேஸ்வரன் உங்களிடம் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அன்று மாலை ஐந்தரை மணியிலிருந்து ஜுரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரிலிருந்து அந்தச் செய்தியை நான்கு முறை திறந்திருக்கிறார்கள். அது அவர்தான் என்று எனக்குத் தெரியும். கொப்பியில் அதை ஒன்று என்றுதான் எழுதினேன்.