கோல்ஃப் போர்டுல ஒரு கட்டில்

— போர்டு ஈரம்னு முன்னாடியே சொல்லப்படாதா, பீர் பாய்? பாரு, வேஷ்டியெல்லாம் பச்சை பெயிண்ட்.

— அந்த எடம் மட்டுந்தான் ஈரமா கீது, சாமி. மத்ததெல்லாம் எப்பவோ காஞ்சிடுச்சி. மண்ணெண்ண வெச்சி தொடச்சா பூடும்.

— சரி, விடு. கம்பம் நட்டாச்சு. மூணு போர்டுல எதை ஏத்தறதுன்னு நான் சொல்லணும், அவ்வளவுதானே? துரை தடியை ஓங்கிண்டு நிக்கறாரே, அதை ஏத்து. பார்த்தாலே கோல்ஃப் மைதானம்னு தெரியும்.

— அது வேணாம் சாமி. தொர மூஞ்சி கோணிக்கினு கீது.

— நீ எழுதின மூஞ்சிதானே?

— அதான் சொல்றேன்.

— அப்போ அந்தக் கொடி போட்டது.

— தூரத்துலேர்ந்து பாத்தா அம்மன் கோயில் கொடியாட்டம் கீது. இத பாருங்க. புல்லு, குழி, மரம். இன்னா குளுமையா கீது.

— மரத்தடியில கயித்துக்கட்டில் எதுக்கு? ஆட வரவன் படுத்துத் தூங்கவா? முனிசிபாலிடி மைதானம் பாய் இது, சத்திரம் இல்லே.

— ஆடி அலுத்துப் போனா...

— ஞாயித்துக்கிழமை திறப்பு. துரை மவுண்ட் ரோட்டுல கார்ல வந்து இறங்கினதும் இதைத்தான் பார்ப்பார். "அனந்தராமன், கட்டில் போடச் சொன்னது யாரு"ன்னு கேட்டா நான் எங்கே போய் நிப்பேன்? என் வேலை போயிடும்.

— இன்னிக்கி சாயங்காலம் மட்டும் நிக்கட்டும் சாமி. நாளைக்கி எறக்கிட்டு தொரய ஏத்திடறேன். இன்னிக்கி வுட்டா அவ்ளோதான். உங்க கால்ல வுழறேன்.

— எழுந்திரு, எழுந்திரு. ரோட்டுல போறவா பார்க்கறா. என்னதான்யா உனக்கு?

— எம் பொண்ணு அஃப்சருன்னிசாவ ஆலந்தூர்ல குடுத்தேன். நிக்காஹ் அன்னிக்கி, கறில எலும்புதான் கீதுன்னு சம்மந்தி தட்ட தள்ளிட்டாரு. நானும் வாய வுட்டேன். அதுலேர்ந்து பொண்ண அனுப்பறதே இல்ல. அவ அம்மா படுத்த படுக்கையா கீறா, ஒரு தபா அனுப்புங்கன்னு ஆள் வுட்டேன். பொய்யின்னு சொல்லி வாசல்லயே தொரத்திட்டாங்க.

— அதுக்கு இந்தப் போர்டு என்ன பண்ணும்?

— இன்னிக்கி வெள்ளிக்கெழமயாச்சே, சாயங்காலம் மாமியாகூட தர்காவுக்கு இந்த ரோட்லதான் போவா. ஜட்கா வண்டிக்கு சுத்தி திரை. உள்ள கீறவள யாரும் பாக்க முடியாது. ஆனா அவ திரை சந்துல வெளிய பாப்பா. சின்ன வயசுலேர்ந்து அப்பிடித்தான், அடங்கமாட்டா.

— கட்டிலைப் பார்த்தா புரிஞ்சுடுமா அவளுக்கு?

— அது எம் பொஞ்சாதி அமீனாவோட கட்டிலு. கால் ஒண்ணு ஒடஞ்சி, நீலச்சாயம் பூசின கட்டைய வெச்சி கட்டினேன். பாருங்க, இங்க. அந்த மாரி கட்டிலு வேற எந்த வூட்லயும் இல்ல. மாமியா கைய ஒதறிட்டு எறங்கி ஓடியாந்துடுவா.

— என்னமோ போ. ஏத்து. நாளைக்குக் காலம்பற நான் வரச்சே அங்கே துரை நிக்கணும்.

— நிப்பாரு சாமி. மூஞ்சியகூட நேராக்கிடறேன்.

— ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. வெறுங்கட்டில் பார்க்க நன்னா இல்லே. உன் ஆம்படையாளையும் அதுல உக்காத்தி எழுதிடேன். அம்மாவைப் பார்த்தா பொண்ணு இன்னும் பதறிண்டு வருவாளோன்னோ?

— நேத்து ராத்திரி வரைக்கும் அதுல உக்காந்துக்கினுதான் இருந்தா, சாமி. இன்னிக்கி விடியக்கால அவ கண்ண மூடினப்புறம், பச்சய பூசி படத்துலேர்ந்து நான்தான் அழிச்சேன். அந்த ஈரந்தான் உங்க வேட்டில கீது.