இருநூறு டாலருக்குள் ஒரு ஸ்கோப்

— இதை உள்ளே வை, டெல்மர். துப்பாக்கி மேல மாட்டுற ஸ்கோப் பதினாறு மடங்கு பெருசாக் காட்டி என்ன ஆகப்போகுது? யார் வீட்டுச் சமையக்கட்டை எட்டிப் பார்க்கப் போறோம்?

— கோவிச்சுக்காத, வெர்னா. இருநூறு டாலருக்குள்ள வேணும், அவ்வளவுதானே? கேளு. நாலு மடங்கு போதும். திருகுற சமாச்சாரம் கம்மி, கெட்டுப்போறதும் கம்மி. மிச்சக் காசை அதைத் துப்பாக்கியோட இறுக்கிப் பிடிக்கிற வளையத்துல போடு. நம்ம ஆளுங்க ஸ்கோப்புக்குக் கொட்டிக் கொடுத்துட்டு வளையத்துல கஞ்சத்தனம் பண்ணுவானுங்க.

— கீழே விழுந்தா தாங்குமா?

— ஓடுற வண்டியில இருந்து விழுந்தாலும் தாங்கும். மழையில கண்ணாடிக்குள்ள ஆவி படியாது. கேளு, உன் வீட்டுக்காரன் ராய்ஸ் மறுபடி வேட்டைக்குக் கிளம்பிட்டானா?

— இல்ல. துப்பாக்கியை மருமகன்கிட்ட கொடுக்கிறாரு. கண்ணு போனவனுக்கு இது எதுக்குங்கிறாரு. ஞாயித்துக்கிழமை ட்ராவிஸ் வந்து எடுத்துட்டுப் போறான்.

— அடப்பாவி, அது ராய்ஸோட அப்பன் துப்பாக்கியாச்சே! ஆனா அவனும்தான் என்ன பண்ணுவான். இருபத்திரெண்டு வருஷம் ஐடஹோ மாநில வேட்டைக் குலுக்கல்ல பேர் போட்டு, ஒரே ஒரு தடவை மூஸ் மானுக்குப் பெர்மிட் விழுந்து, எம்பது கஜத்துல மாடு மாதிரி நின்னதை மூணு தடவை சுட்டும் ஒண்ணுகூடப் படாம...

— தெரியும். காபிக் கடையில தினமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீங்களே.

— சும்மா தமாஷுதான். கொண்டா இங்க அந்தத் துப்பாக்கியை. அட, இந்தப் பழசு நல்ல ஸ்கோப்பாச்சே. இதை ஏன் மாத்தறே?

— நீ மாத்து.

— இரு, புதுசையும் இதே குறிக்குத்தானே வைக்கணும். பின்னாடி பூட்டை உருவிட்டுக் குழல் வழியாப் பார்க்கிறேன். எதிர்த்தாப்ல சர்ச் மணி தெரியுது. இப்போ ஸ்கோப்ல... என்ன கண்றாவி இது, பாதிரியார் வீட்டுப் புகைபோக்கி தெரியுது! வெர்னா, ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டணும், இது கோணிக் கிடக்கு. இதை வெச்சு எவன் சுட்டாலும் படாது.

— வேலையைப் பாரு, டெல்மர்.

— கேளு, ஆகஸ்ட்ல ராய்ஸ் குறி போட்ட தாள்ல சுட்டுச் சரிபார்த்தப்ப நானும் கூட இருந்தேன். மூணு தோட்டாவும் ஒரே இடத்துல விழுந்துச்சு. அப்புறம் எங்கயோ அடி பட்டிருக்கு. இதோ, வெள்ளை பெயிண்ட் கூட ஒட்டியிருக்கு.

— வாஷிங் மெஷின்.

— என்னது?

— அவர் மலைக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள். துப்பாக்கியைச் சுவத்துல சாத்தி வெச்சிருந்தாரு. துணிக்கூடையோட திரும்பினேன், இடிச்சு விழுந்துச்சு. எடுத்துத் துடைச்சு வெச்சுட்டேன். பார்க்க ஒண்ணும் ஆன மாதிரி தெரியல.

— சொல்லியிருந்தா சரிபண்ண அரை மணி நேர வேலை, வெர்னா! மூணே தோட்டா!

— கிளம்புற நேரத்துல அவர் கத்துறதை நீ கேட்டதில்ல. வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். வந்தவரு வண்டியை விட்டே இறங்கல. நான் பக்கத்துல ஏறி உட்கார்ந்ததும் என் மடியில தலையை வெச்சு அழுதாரு. முப்பது வருஷத்துல முதல் தடவை. "வயசாச்சுல்ல, கண்ணு அப்படித்தான் இருக்கும்"னு நானே சொல்லிட்டேன். அதை எப்படித் திருப்பி வாங்குறது?

— அப்போ இந்தப் புது ஸ்கோப்...

— பழசோட போனா, ட்ராவிஸ் தாள்ல சுட்ட அன்னைக்கே கோளாறு அவர் கண்ணுல இல்லன்னு தெரிஞ்சுடும்.

— கடவுளே. கேளு வெர்னா, காபிக் கடைச் சுவத்துல இருக்கிற மூஸ் தலைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி, கீழே ராய்ஸ் பேரை எழுதி வெச்சது நான்தான். இப்பவே போய்க் கழட்டிடறேன்.

— வேண்டாம், டெல்மர். இருக்கட்டும். கழட்டினா ஏன்னு கேப்பாரு.