ஆடு குடிக்காத ஓடை

மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில், மிளகுப் பையை மடியில் வைத்திருந்த இளையவர் சொன்னார்:

"நம்ம ஓடையக் காப்பாத்துனது ஆடு விக்கிற குரூப்புதானுங்க்கா."

"ஏங் கண்ணு, நீ ஓடைக் குரூப்புலதான வீடியோ போட்ட?"

"இல்லீங்க்கா. லாட்ஜ் கழிவுத்தண்ணி ஓடைல விழறத எடுத்து, கை தவறி ஆட்டுக் குரூப்புக்கு அனுப்பிட்டேன். ஓடைக் குரூப்புல பன்னண்டே பேரு. ஆட்டுக் குரூப்புல அடிவாரம் வரைக்கும் ஆளுங்க."

"ஆட்டு யாவாரிக்கு ஓடை எதுக்கு?"

"எங்க ஆடு தண்ணிய மோந்துட்டுத் திரும்புனது வீடியோவுல இருந்துச்சுங்க. ஆடே குடிக்கலையேன்னு ஆளாளுக்கு அனுப்ப, அது ஆபீசருங்க வரைக்கும் போயி, போன வாரம் அவங்க வந்து லாட்ஜ் குழாய அடைச்சுட்டாங்க."

"தண்ணி தெளிஞ்சிருச்சா?"

"பாக்கத் தெளிவாத்தான் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல ஆடு குடிச்சப்புறந்தானுங்க எனக்கு உசுரு வந்துச்சு."