கோல் போடுற பிள்ளை

— மறைக்க வேண்டாம், அன்னலட்சுமி. அந்தப் பிரைவேட் கொலிஜ் வான் உங்கடை வீட்டு வாசலிலை நிண்டதை மஹய்யாவையிலை பாதிச் சனம் கண்டிருக்கு.

— நான் எங்க மறைச்சேன் டீச்சர்? ஆள் விட்டீங்க, புடவைக் கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடி வந்தேன். இன்னும் ஒக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க.

— சரி, இருங்கோ. அந்தக் கதிரை கால் ஆடும், இதிலை இருங்கோ. பந்துப் பையைத் தூக்கிக் கீழை வையுங்கோ. இப்பச் சொல்லுங்கோ, வந்தவையோ இல்லையோ?

— வந்தாங்க, ரெண்டு பேரு. வாசல்லயே சப்பாத்தைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்க. மரியாதையான மனுசங்கதான்.

— வாழைப்பழத்திலை ஊசி ஏத்திறவை எல்லாம் மரியாதையாத்தான் வருவினம். என்ன தாறமெண்டு சொன்னவை?

— பீஸ் வேணாமாம். உடுப்பு, சப்பாத்து, காலைச் சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பாம். படிப்பு இங்கிலீஷ்லயாம். ஏஎல் பரீட்சை முடிச்ச கையோட பேங்க்ல சேத்து விடுவாங்களாம், பேங்க் டீம்ல நெட்போல் ஆடுறதுக்கு. எங்க பரம்பரையில கூட்டித் தொடைக்கிறதுக்குத் தவிர யாரும் பேங்க்குக்குள்ள போனதில்ல டீச்சர்.

— அதுதான் கூட்டிக்கொண்டு போட்டியள்.

— போனோம், இல்லைங்கல. நேத்து பின்னேரம் நானும் எங்க வீட்டுக்காரரும் மக ஞானேஸ்வரியைக் கூட்டிக்கிட்டு அங்க போனோம்.

— எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? போன கிழமை மெட்ச் முடிஞ்சதிலை இருந்து பிள்ளை பிரக்டிசுக்கு வரேல்லை. காய்ச்சலெண்டு சொல்லி அனுப்பினீங்கள். நான் விசரி, கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லி ஆள் விட்டனான்!

— அந்தப் பொய் எங்களுதுதான். மன்னிச்சுக்கங்க டீச்சர்.

— மன்னிப்பு ஆருக்கு வேணும்? சனிக்கிழமை என்ன நாளெண்டு தெரியுமோ உங்களுக்கு?

— தெரியும். பைனல் மெட்ச்.

— பைனல்! எங்கடை பள்ளிக்கூடம் அந்தச் சொல்லை இப்பதான் முதன்முதல் கேக்குது. எதிர்ப்பக்கம் ஆர்? அவையள்தான். எங்கடை கோல் ஷூட்டரை வெள்ளிக்கிழமை கொண்டு போய், சனிக்கிழமை தங்கடை உடுப்பைப் போட்டு எங்களுக்கு எதிரா இறக்கப் போயினம். இது நீதியோ, நீங்களே சொல்லுங்கோ.

— அப்படிச் செய்ய விடுவாங்களா? சட்டம் ஒண்ணும் இல்லையா?

— கல்வித் திணைக்களத்து மெட்செண்டா ஏலாது. இது கொம்பனிக்காரர் வைக்கிற கப். பள்ளிக்கூட இடாப்பிலை பேர் இருந்தாக் காணும், ஆரும் ஆரையும் இறக்கலாம். ஏய்! என்ன நிண்டு புதினம் பாக்கிறியள்? ஓடுங்கோ! கோர்ட்டைச் சுத்தி ஓடுங்கோ! உங்களை இல்லை, அன்னலட்சுமி. யன்னலுக்கு வெளியிலை நிக்கிற குரங்குகளைச் சொன்னனான்.

— பாவம் டீச்சர். சீமெந்துத் தரையில வெறுங்காலோட ஓடுதுக.

— வேறை தரைக்கு நான் எங்கை போக? அவையளுக்குக் கூரை போட்ட கோர்ட் இருக்கு, மரப்பலகைத் தரை இருக்கு, காலையிலை ஒரு கோச், பின்னேரம் ஒரு கோச். எல்லாம் இருந்தும் கோல் போட ஒரு பிள்ளை இல்லை. அதுக்கு இஞ்சை வந்து பொறுக்கினம். போன வருசம் எங்கடை ஸக்கியாவைக் கொண்டு போச்சினம். அவள் இப்ப என்ன செய்யிறாள் தெரியுமோ? பெஞ்சிலை இருந்து தண்ணிப் போத்தல் நீட்டுறாள். அவையளுக்கு அவள் தேவையில்லை, பாருங்கோ. எங்களிட்டை இல்லாமல் போனாச் சரி, அவ்வளவுதான்.

— ஸக்கியாவோட உம்மாவை நான் மார்க்கட்ல பாத்தேன். மக போன்ல இங்கிலீஷ்ல பேசுறதைக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்னு சொல்லிச் சிரிச்சிச்சு அந்தப் பொம்பள.

— அப்ப நீங்களும் கதவுக்குப் பின்னாலை நிக்கப் போறியள்?

— நிக்க ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன்.

— நட்டுத் தண்ணி ஊத்திறது நாங்கள். காய்ச்ச உடனை மதில் பாய்ஞ்சு பிடுங்கிறது அவையள். இதைக் கேக்க ஒரு நாதி இல்லை!

— டீச்சர், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கேளுங்கோ.

— ஞானேஸ்வரியை நட்டது நீங்களா?

— விளங்கேல்லை.

— ஹுன்னஸ்கிரியவில எங்க தோட்டத்து ஸ்கூல்ல இராமையா மாஸ்டர்தான் அவளுக்குப் பந்து புடிக்கப் பழக்குனாரு. ரிங்கு வாங்க வழியில்லாம பழைய வாளியோட வளையத்தைக் கழட்டி மரத்துல அடிச்சு வச்சிருந்தாரு. நீங்க ஏதோ ஒரு மெட்ச்ல அவளைப் பாத்துட்டு, மறு கிழமையே பஸ் ஏறி எங்க லயத்து வீட்டுக்கு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?

— அது வேறை கதை, அன்னலட்சுமி.

— எப்படி வேற?

— அங்கை ஓஎல்லுக்கு மேலை வகுப்பே இல்லை. விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. பிள்ளையின்ரை நன்மைக்குத்தானே நான் கேட்டனான்?

— நன்மைதான், இல்லைங்கல. சட்டி பானையைக் கட்டிக்கிட்டு வந்து மஹய்யாவையில எங்க அண்ணன் வீட்டு மூலையில நாங்க ஒண்டிக்கிட்டதும் அந்த நன்மைக்குத்தான். அண்ணி மூஞ்சைப் பாத்துப் பாத்துச் சோறு திங்கிறதும் அதுக்குத்தான்.

— இராமையா மாஸ்டர் இண்டைக்கும் என்னைக் கண்டாக் கதைக்கிறேல்லை.

— எங்ககூட அவரு சண்டைக்கு வரல டீச்சர். விடுகைப் பத்திரத்தை அன்னைக்கே அதிபர் ஐயாகிட்ட வாங்கிக் குடுத்துட்டாரு. கெளம்புற அன்னைக்கு வீட்டுக்கு வந்தாரு. தேத்தண்ணியைக் குடிக்காமக் கையிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, “டவுன்ல புள்ள காலையில என்னத்தைச் சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போகும்?”னு.

— நானும் பாத்தனான்தானே! என்ரை இடியப்பப் பார்சலை எத்தினை தரம் அவளுக்குத் தீத்தினனான்?

— தீத்துனீங்க. மெட்ச் நாள்ல எல்லாம் தீத்துனீங்க.

— குத்திக் கதைக்காதேங்கோ. சரி, நேரை வருவம். அவை குடுக்கிறதை நானும் குடுக்கப் பாக்கிறன். கணக்கிலை புள்ளி குறைவெண்டாலும் பிரின்சிபலோடை கதைச்சுக் கொமர்ஸ் வகுப்பிலை விடுறன். ரியூசன் என்ரை வீட்டிலை, ஒரு சதம் வேண்டாம். சப்பாத்துக்குப் பழைய மாணவர் சங்கத்தைப் பிடிக்கிறன். மாணவத் தலைவி பட்டி வேணுமோ, அதையும் குத்தி விடுறன்.

— மாட்டுத் தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் புடிப்பானே, அது மாதிரி இருக்கு டீச்சர். அந்தப் பக்கம் ஒருத்தர் புடிக்கிறாங்க, இந்தப் பக்கம் நீங்க புடிக்கிறீங்க. மாட்டை யாரு கேட்டா?

— ஐயோ, நான் விலை பேசேல்லை! என்ரை வயித்தெரிச்சல் உங்களுக்கு விளங்கேல்லை. நான் உரும்பிராயை விட்டிட்டு வந்து இந்தக் குளிருக்கை கிடந்து மாயிறது ஆருக்காக? இந்தப் பிள்ளையளும் ஒருக்கா எழும்பி நிக்க வேணுமெண்டுதானே? எங்கடை பெயரை ஒலிபெருக்கியிலை ஒருக்காச் சொன்னாப் போதும். நாங்கள் எப்பவும் கைதட்டத்தானோ பிறந்தனாங்கள்?

— அது எனக்குப் புரியுது டீச்சர். மெய்யாவே புரியுது.

— நீங்கள் பிலிமத்தலாவைக்கு வரேல்லை. வந்து பாத்திருக்க வேணும். செமி பைனல். எட்டிப் பாய்ஞ்சு பந்தைப் பிடிச்சவள், அப்பிடியே விழுந்து போனாள். எழும்பேலாமல் இருந்தாள். வேறை பிள்ளையெண்டா அழுதுகொண்டு வெளியிலை வந்திருக்கும். நான் ஓடிப் போய் முழங்காலுக்குப் பண்டேஜைச் சுத்தி இறுக்கி, “இன்னும் கொஞ்ச நேரம்தான், என்ரை ராசாத்தி” எண்டன். ஒரு முனகல் இல்லை, பாருங்கோ. திரும்பப் போய் நிண்டு மிச்சக் கோல் எல்லாம் அவள்தான் போட்டவள். எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடினது. அந்த நெஞ்சை ஆராலை காசு குடுத்து வாங்கேலும்?

— அன்னைக்கு அவ வீடு வந்து சேந்தது எப்படின்னு தெரியுமா டீச்சர்?

— பஸ்ஸிலைதானே. நான்தான் ஏத்தி விட்டனான்.

— ம். ஏத்தி விட்டீங்க.

— ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?

— ஒண்ணுமில்ல. டீச்சர், எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. இந்தக் கப்பு, கொலிஜ், எல்லாத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டுச் சொல்லுங்க. ஞானேஸ்வரி இனிமேப் பந்தே தொடலன்னு வைங்க. அப்பவும் அந்தக் கொமர்ஸ் வகுப்பு அவளுக்கு உண்டா? ரியூசன் உண்டா? அவளை உங்க புள்ளைன்னு சொல்லுவீங்களா?

— என்ன கேள்வி இது? நான் என்ன அவையளைப் போல வியாபாரியோ? பந்து இருந்தாலும் இல்லாட்டிலும் அவள் எங்கடை பிள்ளை.

— சாமி சத்தியமா?

— நல்லூர்க் கந்தன் ஆணை. காணுமோ? என்ன இது, அழுறியள்? இந்தாங்கோ லேஞ்சி, கண்ணைத் துடையுங்கோ. நான் கொஞ்சம் வாய் கூடக் கதைச்சிட்டன். மனசிலை வைக்காதேங்கோ.

— இல்ல டீச்சர், இது வேற அழுகை. நேத்து ராத்திரி பூரா நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. யாருகிட்டப் போயி நிக்கிறதுன்னு தெரியல. நீங்க கூப்பிட்டீங்கன்னதும் பயந்துக்கிட்டேதான் வந்தேன். இப்பச் சொல்லிடுறேன். அவங்க ஞானேஸ்வரியை எடுக்கல.

— எடுக்கேல்லையோ? ஏன்? வான் பிடிச்சு வீடு தேடி வந்தவை!

— ரிங்குக்குக் கீழ நிப்பாட்டி எம்பச் சொன்னாங்க. எம்புனா. எறங்குறப்பக் கால் நிக்கல, துணி மாதிரி மடிஞ்சு விழுந்துட்டா. அவங்க டொக்டரே படம் புடிச்சுப் பாத்தாரு. முழங்காலுக்குள்ள சவ்வு அறுந்துருச்சாம். ஒபரேஷன் செய்யணுமாம். செஞ்சாலும் மறுபடியும் ஆட முடியுமான்னு சொல்ல ஏலாதாம்.

— எப்ப அறுந்ததாம்?

— பிலிமத்தலாவையில. மொத தடவை விழுந்தப்பவே ஒக்கார வச்சிருந்தா லேசுல போயிருக்குமாம். அதுக்கப்புறம் பாஞ்சு பாஞ்சு ஆடுனதுலதான் முழுசாப் போயிருக்குன்னாரு. உங்களை மட்டும் சொல்லல டீச்சர். நாங்களும்தான் பாவிங்க. வீக்கம் வத்திடுச்சு, சுளுக்குதானேன்னு தைலத்தைத் தேச்சு நேத்து அங்க எம்ப விட்டோமே. அந்த பேங்க் ஆசை எங்க கண்ணை மறைச்சிருச்சு.

— ஐயோ. ஐயோ, என்ரை பிள்ளை.

— படுத்தே கெடக்கா. “டீச்சர்கிட்டச் சொல்லாதீங்கம்மா, டீச்சர் ஒடைஞ்சு போயிருவாங்க”ன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கா.

— வடிவாப் பாத்தவரோ அந்த டொக்டர்? வேறை ஆரிட்டையும் காட்டிப் பாக்கேலாதோ?

— காலையில எங்க வீட்டுக்காரரு பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டு போனாரு. அங்கயும் அதேதான் சொன்னாங்க.

— கடவுளே! அப்ப சனிக்கிழமை கோலுக்கு ஆரை விடுறது?

— நேத்து அவங்க வாயிலயும் மொதல்ல வந்தது இதுதான் டீச்சர்.