நோன்பு இருந்தவள் கொண்டுவந்த தண்ணீர்

"ஏட்டி, கீழ படு!"

ஹலிமா கத்துகிறாள். நான் கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். தரையோடு ஒட்டிக் கிடக்கிறேன். முதலில் ஒரு விசில் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு சுவர் குலுங்குகிறது. கண்ணாடி கொட்டுகிறது.

சூடான். கார்ட்டூம் நகரம். ரம்ஜான் மாதத்தின் கடைசி நாட்கள். ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் தெருவெல்லாம் குண்டுச் சண்டை. ராஜபாளையத்துக்காரி நான், அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹலிமா வார்டைக் கூட்டித் துடைப்பவள். எக்ஸ்ரே அறையின் சுவர் தடிமன் என்று அதற்குள் ஒளிந்திருந்தோம். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எனக்குக் கடும் காய்ச்சல். நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை.

முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஹலிமா வாளியை எடுத்தாள். கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனாள். அவள் நோன்பு. பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டாள். அந்தத் தண்ணீர் எனக்கு மட்டும்தான். வாசல்படி வரை வந்துவிட்டாள். மறுபடியும் விசில்.

இரும்புத் துண்டு அவள் கழுத்தில். உள்ளே இழுத்துப் போட்டேன். பேண்டேஜ் சுருள் சுருளாக வைத்து அழுத்தினேன். ரத்தம் நிற்கவில்லை. வாளியில் பாதி மிஞ்சியிருந்தது. அதைக் குடித்துத்தான் உயிர் பிழைத்தேன்.

ஊர் வந்த முதல் ஞாயிறு. எங்கள் சபையில் ஸ்தோத்திரம் செலுத்துகிற குடும்பத்தின் பெயரையும் காரணத்தையும் பாஸ்டர் மைக்கில் சொல்வது வழக்கம். ஹலிமா பெயரையும் சொல்லச் சொல்லி முன்பே கேட்டேன்.

"அவிய நம்ம மார்க்கம் இல்லையேம்மா. செத்தவியளுக்கு ஜெபம் பண்ணுறதும் நம்ம வழக்கம் இல்ல."

"ஜெபம் வேண்டாம் ஐயா. நன்றி சொல்லுங்க. அம்புட்டுப் போதும்."

தலையாட்டினார். மைக்கில் வேறு மாதிரி வந்தது. நம் சகோதரியை ஒரு கீறல்கூட இல்லாமல் கர்த்தர் கொண்டுவந்தார் என்றார். சபை முழுக்க அல்லேலூயா.

கீறல் இல்லையாம். எழுந்து நின்றேன். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உக்காரு. மானம் போவுது."

உட்காரவில்லை. "எனக்கு விழ வேண்டியதை அவ வாங்கிக்கிட்டா. பேரு ஹலிமா. ஒரு தடவை சொல்லுங்க." ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தவரை நேசி என்று வாரம் தவறாமல் சொல்லும் வாய்கள். அன்றைக்குப் பூட்டிக்கொண்டன. இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அவளைப் பற்றிக் கேட்டது ஒருத்திதான். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு வேலை பார்க்கும் கோதை. ஆண்டாள் கோயில் தெருக்காரி. "அந்த அக்கா பேரு என்ன? பிள்ளைங்க இருக்காவளா?" என்றாள். ஒரு மகள் உண்டு. நூரா. சண்டையில் எந்தப் பக்கம் ஓடினாள் என்று தெரியவில்லை. தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் விசுவாசத்தை விடவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறேன். அந்த நாளில் ஹலிமாவும் அங்கே இருப்பாள். இருக்கமாட்டாள் என்பவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நான் கண்ணால் கண்ட சாவுகள் இவை. ஹலிமா. வாசல் காவலாளி. வார்டை விட்டு நகர முடியாத இரண்டு கிழவர்கள். பெயர் வைக்காத ஒரு பிள்ளை. இத்தனை நாள் தகவல் இல்லை என்று நூராவையும் இதில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்க மாட்டேன்.