ஒரே கணக்கு, ஆறு வழி

—ஒரே கணக்கை ஆறு தடவையா போட்டா?

—ஆறு தடவைக்கா. ஆறும் சரி. ஆறும் வேற வேற வழி. மிச்சம் பத்தொம்பது கேள்வியும் அப்படியே வெள்ளையா கிடக்கு.

—அட போடா! ஒன்றரை மணி நேரம் குடுத்திருக்காங்க. உன் பொண்ணு ஒத்தைக் கணக்கோட குடித்தனம் நடத்திட்டு வந்திருக்கா. அந்தத் தலைமையாசிரியைகிட்ட காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி இந்தப் பரிட்சைக்கு இடம் வாங்கினேன். என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

—கத்தாதக்கா. உள்ள இருக்கா.

—இருக்கட்டுமே. ஏழு வயசுல என் கையைப் பிடிச்சு ஃப்ரீஸருக்குள்ள விட்டு, "மைனஸ் பதினெட்டுன்னா இதுதான் அத்தை"ன்னு சொன்னவடா அவ. ஆறாம் வகுப்புல சேர்றதுக்கு வைக்கிற பரிட்சையெல்லாம் அவளுக்கு ஊதித் தள்ளுற விஷயம். என்னதான் ஆச்சாம்?

—தப்பு என்னுதுக்கா. அதாவது, நாங்க வீட்ல எப்படிப் பாடம் படிப்போம்னு உனக்குத் தெரியும்ல? நான் முன் ரூம்ல யாரோட ஃப்ரிட்ஜையாவது பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவ பக்கத்துலேயே தரையில உட்கார்ந்து கணக்குப் போடுவா. ஒன்னு முடிச்சதும் நோட்டை என் பக்கம் திருப்பிப் பிடிப்பா. எனக்குக் கையெல்லாம் கிரீஸு. வேலையை விடாமலே ஒரு பார்வை பாப்பேன். சரியா இருந்தா 'ம்'னு சொல்லுவேன். அடுத்ததுக்குப் போயிடுவா.

—தப்பா இருந்தா?

—ஒன்னும் சொல்ல மாட்டேன். நான் பாட்டுக்கு ஸ்பேனரைத் திருகிட்டு இருப்பேன். அவளே புரிஞ்சுக்கிட்டு வேற மாதிரி போட்டுப் பாப்பா. அஞ்சாறு வருஷமா இப்படித்தான்.

—அய்யய்யோ. புரிஞ்சு போச்சு. புரிஞ்சு போச்சுடா பாவி.

—முதல் கணக்கைப் போட்டுட்டு பேப்பரைத் திருப்பிப் பிடிச்சிருக்கா. அங்க நின்ன டீச்சர் ஒன்னும் சொல்லல. சரி, தப்புப் போலன்னு ஒரு கோடு கிழிச்சுட்டு வேற வழியில போட்டிருக்கா. மறுபடி தூக்கிக் காட்டியிருக்கா. அந்தம்மா, "யாருக்குக் காட்டுறே? பேப்பரைக் கீழ வை"ன்னு அதட்டியிருக்காங்க. அதோட காட்டுறதை விட்டுட்டா. ஆனா யாரும் 'ம்' சொல்லலையே. அதனால திரும்பவும் போட்டிருக்கா. திரும்பவும்.

—மணி அடிக்கிற வரைக்கும்.

—மணி அடிக்கிற வரைக்கும்.

—சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலடா எனக்கு.

—தலைமையாசிரியை சிரிச்சாங்க. அப்புறம் அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இந்த மாதிரி ஒரு விடைத்தாளை நான் திருத்தினதே இல்ல. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க, வேற கேள்வித்தாள் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல, சாயங்காலம் பட்டியல் ஒட்டிடுவோம்"னாங்க.

—அட கடவுளே, அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே! இன்னொரு வாய்ப்புக் குடுத்திருக்காங்க. அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற?

—சொன்னா திட்டக் கூடாது.

—திட்டுவேன். சொல்லு.

—அவங்க அந்தப் பேப்பரை நீட்டினப்போ ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா. அப்பாடா, போக மாட்டான்னு.

—நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. பெத்த அப்பன் பேசுற பேச்சைப் பாரு!

—நீ ஒரு நாள் இந்த வீட்ல தனியா இருந்து பாருக்கா. அவ அம்மா போனதுக்கு அப்புறம் இங்க பேச்சுன்னு இருந்ததே இவ வாய் விட்டுப் படிக்கிற சத்தம்தான். டெலிவரிக்கு வேன்ல போகும்போது வரைபடத்தை மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, "அப்பா, அடுத்த பாலத்துல வடக்க திரும்பு"ம்பா. இடப்பக்கம் வலப்பக்கம்னு சொல்லவே மாட்டா, வடக்கு தெற்குதான். இன்னைக்கு அவளைப் பரிட்சை ஹாலுக்குள்ள விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை மணி நேரம்தான். ரிப்பேர் முடிஞ்ச ஃப்ரிட்ஜ் ஒன்னு ஓடிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தம் மட்டும்தான் வீட்ல. தாங்க முடியாம அதையும் நிறுத்திட்டேன்.

—ஏன்டா, அவ என்ன கப்பலேறியா போறா? ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம். நாலு மணிக்குப் பசிக்குதுன்னு உன் முன்னாடி வந்து நிக்கப் போறா.

—இன்னொன்னும் இருக்குக்கா.

—இன்னுமா?

—அந்த நெஞ்சு டாக்டர். இவ ஒன்னாம் வகுப்புல மூச்சு முட்டி விழுந்தப்போ, கொஞ்ச வருஷம் கூட்டத்துல விடாதீங்க, வீட்லேயே வச்சுச் சொல்லிக் குடுங்கன்னாரே.

—ஆமா. போன மாசம்தானே, இனிமே பயமில்ல, பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம்னு சொன்னாரு? நீதானே சொன்னே.

—நீ விடாம நச்சரிச்சே. வேற வழியில்லாம போன மாசம்னு சொல்லிட்டேன். அவர் சொன்னது இவளுக்கு ஒம்பது வயசு இருக்கும்போதுக்கா. சீட்டுலேயே எழுதிக் குடுத்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு, ஓடலாம், ஆடலாம், மத்த பிள்ளைங்களோட படிக்கலாம்"னு.

—ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமாவா மறைச்சு வச்சே?

—மறைக்கணும்னு நினைக்கலக்கா. இந்த மழை போகட்டும்னு இருந்தேன். அப்புறம் வருஷ நடுவுல சேர்த்தா பிள்ளை தடுமாறுமேன்னு நினைச்சேன். அப்புறம் பின்னம் முடியட்டும், தசமம் முடியட்டும்னு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் தானா வந்து நின்னுச்சு.

—என் கண்ணு முன்னாடி நிக்காதடா, அறைஞ்சிடுவேன். என் தம்பி வேலையையும் பாத்துக்கிட்டு பிள்ளைக்கு வாத்தியாராவும் இருக்கான்னு தெருவெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேனே! கேட்டுக்கோ. இன்னைக்கு அவ படுக்கிறதுக்கு முன்னாடி இதை உன் வாயால அவகிட்ட சொல்லிடணும்.

—நாளைக்குப் பரிட்சை இருக்கேக்கா. மனசு கலைஞ்சிடுமே.

—பாத்தியா? வந்து நின்னுடுச்சு பாரு அடுத்த காரணம்.

—அத்தை! வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? உள்ள தண்ணி மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு, ஒரு வார்த்தை புரியல. ஆனா அப்பாவுக்குத் திட்டு விழுதுன்னு மட்டும் தெரிஞ்சுது.

—வாடி வாலு. உங்கப்பனைத் திட்ட நேரம் காலம் வேணுமா? இந்தா, போன வருஷக் கேள்வித்தாள் கொண்டாந்திருக்கேன். இருபது கேள்வி. இந்த மேஜையில உட்காரு. உங்கப்பன் அந்த மூலையில உட்காருவான். வாயே திறக்க மாட்டான்.

—அப்போ எப்ப அடுத்ததுக்குப் போறது அத்தை?

—உனக்கே சரின்னு படும்போது.

—எனக்குச் சரின்னு பட்டா சரிதான்னு எப்படித் தெரியும்?

—காதுல விழுந்துச்சாடா? நல்லாக் கேட்டுக்கோ.

—விழுந்துச்சுக்கா.

—ஆரம்பி வாலு. டேய், நீ ஏன் எட்டிப் பாக்குற?

—பாக்கல.

—முதல் கேள்வி முடிஞ்சுது அத்தை. சரின்னுதான் படுது. கொஞ்சம்தான் படுது.

—கொஞ்சம் போதும். அடுத்ததுக்குப் போ. டேய், தலையை ஆட்டாத!

—நான் எங்கக்கா ஆட்டினேன்?

—ஆட்டினே. ஆடு மாதிரி ஆட்டினே. நான் பாத்துட்டுதானே இருக்கேன்.

—அத்தை, ரெண்டாவதும் முடிஞ்சுது. அப்பா இருமினார்ல, அப்பவே மூணாவதுக்குப் போயிட்டேன்.

—இருமினியா?

—தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சுக்கா.

—எழுந்திரு. வெளிய போய் மாடிப்படியில உட்காரு. நான் கூப்பிடாம இந்தப் பக்கம் தலை தெரியக் கூடாது.

—என் வீட்டுலேர்ந்து என்னையே துரத்துறியா?

—போடான்னா!

—அப்பா, போப்பா. நீ இருந்தா உன்னையேதான் பாத்துட்டு இருப்பேன்.

—சரி, போறேன். போறேன்மா.

—வாடா உள்ள. என்ன, படியில உட்கார்ந்து தேய்ச்சுட்டியா அதை? ஐம்பது நிமிஷம்தான் ஆச்சு. இருபதும் போட்டுட்டா. பதினெட்டு சரி.

—ரெண்டு தப்பா? எந்த ரெண்டு?

—எதுவா இருந்தா என்ன? தப்புப் போட்டும் ஒன்னும் ஆயிடாம குத்துக்கல்லு மாதிரிதான் உட்கார்ந்திருக்கா, பாத்துக்கோ. நான் கிளம்புறேன். வாலு, காலைல ஒம்பதரைக்கு வந்து நிப்பேன், தலை சீவி ரெடியா இரு. டேய், நான் சொன்னது மறக்காத. இன்னைக்கு.

—என்னப்பா மறக்கக் கூடாது?

—அதாவது… ஒன்னுமில்ல குட்டிம்மா. வா, அந்த ரெண்டு கணக்கைப் பாப்போம்.

—வேணாம்ப்பா. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் ஒன்னு சொல்லவா? காலைல இருந்து சொல்லணும்னு இருந்தேன். அந்த ஹால்ல எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு என்கிட்ட ரப்பர் கேட்டா.

—குடுத்தியா?

—குடுத்தேன். திருப்பித் தரும்போது, "உன் பேர் என்ன?"ன்னு கேட்டா. என்கிட்ட யாரும் பேர் கேட்டதே இல்லப்பா. இந்தத் தெருவுல எல்லாருக்கும் நான் ஃப்ரிட்ஜ்காரர் பொண்ணு, அவ்வளவுதான். அவ கேட்டதும் இனிஷியலோட முழுப் பேரையும் சொன்னேன். அப்புறம் மணி அடிச்சுது. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்ததுல பெஞ்செல்லாம் கடகடன்னு ஆடுச்சு. வாசல்ல ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுத் தள்ளிக்கிட்டுதான் வெளிய வந்தோம். ஒரு பையன் என் காலை நல்லா மிதிச்சுட்டான்.

—வலிச்சுதா?

—ரொம்ப வலிச்சுது. ஜாலியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு நாளைக்கு வர மாட்டா, அவதான் எழுதி முடிச்சிட்டாளே. பட்டியல்ல ரெண்டு பேர் பேரும் வந்தா ஒரே வகுப்பா இருக்குமாப்பா? அங்க எத்தனை வகுப்பு இருக்கும்? ஏன்ப்பா அப்படிப் பாக்குற? சும்மாதான் சொன்னேன். இங்கயும் நல்லாத்தான் இருக்கு.

—குட்டிம்மா, இங்க வா. இந்த ஸ்டூல்ல உட்காரு.

—கையில ஸ்பேனர் இல்லாம பேசுற. பெரிய விஷயமா?

—பெரிய விஷயம்தான். குறுக்க பேசாம கேளு, விட்டா எனக்குச் சொல்ல வராது. போன மாசம் டாக்டர் பள்ளிக்கூடம் போலாம்னு சொன்னதா நான் சொன்னேன்ல? போன மாசம் இல்லம்மா. உனக்கு ஒம்பது வயசு இருக்கும்போதே சொல்லிட்டார். கடைசியா குழாயில ஊதச் சொல்லிப் பாத்தாரே, அன்னைக்கு. எழுதியும் குடுத்தார். நான்தான் உன்கிட்ட சொல்லல. அத்தைகிட்டயும் சொல்லல.

—ம்.

—உன் நெஞ்சுக்காகத்தான் வீட்ல வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொன்னேன். பொய். எனக்காக வச்சிருந்தேன். நீ பக்கத்துல உட்கார்ந்து படிக்கலேன்னா எனக்கு இந்த வீட்ல என்ன பண்றதுன்னே தெரியலம்மா. ரெண்டு வருஷம் நீ ஓடியிருக்கலாம், நாலு பேரோட சண்டை போட்டிருக்கலாம். நான் அதை எடுத்துக்கிட்டேன். இன்னைக்கு ஒரு பொண்ணு பேர் கேட்டதை நீ சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள்ள அறுக்குது. ஏதாவது சொல்லும்மா. திட்டணும்னா திட்டு, அத்தை மாதிரி திட்டு.

—அந்தச் சீட்டு இப்பவும் உன் கம்ப்ரெஸர் ரிப்பேர் புத்தகத்துக்குள்ளதானே இருக்கு?

—உனக்கு… உனக்கு எப்படித் தெரியும்?

—அந்தப் புத்தகத்தை வச்சுதானேப்பா எனக்கு எழுத்துக் கூட்டவே சொல்லிக் குடுத்தே. எனக்குத் தோணும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். நீ வச்ச மறுநாளே பாத்துட்டேன். டாக்டர் கையெழுத்துதான் புரிய ரெண்டு நாள் ஆச்சு.

—அப்புறம் ஏன்மா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேனே!

—அதான் கேக்கல. நான் கேட்டா உடனே சரின்னுடுவ, அப்புறம் நான் இல்லாதப்போ உட்கார்ந்து அழுவ. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். இந்த ரெண்டு வருஷமும் தினம் காலைல, இன்னைக்கு அப்பா சொல்லிடுவார்னு நினைச்சுக்கிட்டேதான்ப்பா நான் எழுந்திரிப்பேன்.