கழற்றாத பூட்ஸ்

ஹலோ... ஹலோ, டால்டன்? அக்காதான்டா. அந்த டிவியக் கொஞ்சம் அமத்து... அமத்துங்கறேன்ல!

ஆமா, இன்னும் படகுத்துறையிலதான் இருக்கேன். டிக்கெட் அறையப் பூட்டி சாவிய எடுக்குறேன், நாய் குரைக்குது... நம்ம நாய் இல்லடா. வெளியில ஒரு பச்ச பிக்கப் நிக்குது, அதுக்குள்ள. கண்ணாடிய நாலு விரக்கடை எறக்கி வச்சிருக்கு. மத்த வண்டியெல்லாம் போயிருச்சு.

இல்ல, மீன் பிடிக்க வந்தவங்க இல்ல. உன் பதினோரு மணிப் படகுல தீவுக்குக் காட்டுக்குதிர பாக்கப் போனவரு வண்டி.

எத்தன பேரக் கூட்டிட்டுப் போன?... பதினாலு. சரி. திரும்பி எத்தன பேரு வந்தாங்க?... ஆளக் கேக்குறேன்டா, நீ செருப்பச் சொல்ற!

தெரியும், தெரியும். கரையோரம் தண்ணியில எறங்குமுன்ன எல்லாரும் செருப்பக் கழட்டிக் கூடையில போடுவாங்க. திரும்பி ஏறி எடுத்துப்பாங்க. கூடை காலியானா நங்கூரத்தத் தூக்கலாம். அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். எனக்கே பாடம் நடத்தாத... காலியாத்தான் இருந்துச்சா?... ம்... ஆமா. காலியாத்தான் இருந்திருக்கும்.

ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லங்கறேன்ல. ஓடி வந்தேன், மூச்சு வாங்குது.

மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு, அவசரமாக் கெளம்புன... ஆமா, சரிதான். நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்.

பேரா? ஹார்லன் ட்வீடி. எழுபதத் தாண்டியிருக்கும். காக்கிச் சட்ட, வைக்கோல் தொப்பி... எதையாவது பாத்திருப்ப, யோசி!... கைத்தடியோட, ஆமா, அவரேதான்... ஏறும்போது பாத்த. எறங்கும்போது?... கரையில?... வரும்போது?

பாக்கல. சரி.

அவரக் கூப்பிடாம இருப்பேனா? பதிவேட்டுல இருந்த நம்பருக்குப் போட்டேன். மணி எங்க அடிக்குது தெரியுமா? அந்த வண்டிக்குள்ள. அது அடிக்க அடிக்க நாய் கதவப் பிறாண்டுது.

கடலோரக் காவல்படைக்கும் சொல்லிட்டேன். முகத்துவாரத்துல ஏதோ படகு கவுந்துருச்சாம், அங்க இருக்காங்க. முக்கா மணி நேரம் ஆகுமாம்... நம்ம துறையில வேற யாரு இருக்கா? உன் படகு ஒண்ணுதான்.

இரு... இரு, அக்கரையப் பாக்குறேன். தூரக்கண்ணாடி கையிலதான் இருக்கு... புள்ளி புள்ளியாத் தெரியுது. குதிரைங்க நடக்குதுங்க. எல்லாம் ஒரே வரிசையா... சதுப்பு நெலத்துப் புல்ல விட்டுட்டு மேட்டு மரத்துக்கு ஏறுதுங்க. அஞ்சு மணிக்கு, டால்டன். மேயுற நேரத்துல.

ஆமா. நீயும் அதத்தான் நெனைக்கிற. காத்து திரும்பப் போகுது, புயல் வருது, அதான் மேடேறுதுங்க.

மனுசன் யாரையும் காணோம்டா. பாத்துட்டேன்.

எங்க போயிருப்பாரு... அது எனக்குத் தெரியும்... தெரியும்னா தெரியும்! கெழக்கு மூலைக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம். செவலக் குதிர போன வாரம் குட்டி போட்டுச்சுல்ல, அதப் பாக்க... யாரு சொன்னாங்களா? நான்தான் சொன்னேன். அவ்வளவு ஆசையாக் கேட்டாரு. ஓடையில கணுக்கால் தண்ணிதான்னு சொன்னேன்... காலையில கணுக்கால்தான்டா! இப்ப கடல் ஏறுற நேரம். இந்நேரம் இடுப்புக்கு வந்திருக்கும்.

கத்தாத. கத்து, ஆனா மொதல்ல பூட்ஸ மாட்டிக்கிட்டே கத்து.

இரு, இன்னொண்ணு இருக்கு... இல்ல, நீ கேளு. உன் மேல தப்பில்ல. அவருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழ கெடையாது. மாட்டுற கால். பூட்ஸோட இருந்தாத்தான் அது நிக்கும், கழட்டினா நிக்க முடியாது. டிக்கெட் வாங்கும்போது வெக்கப்பட்டுக்கிட்டுக் கேட்டாரு, எல்லாரும் கழட்டணுமாமேன்னு. வேணாம், நீங்க போட்டுக்கிட்டே போங்க, எந்தம்பிகிட்ட நான் சொல்லிடுறேன்னு... அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க கும்பலா வந்துட்டாங்க, நான்...

சொல்லல.

கூடையில அவர் செருப்பு இருந்ததே இல்லடா. பதிமூணு சோடிதான். நீ எண்ணல, காலியாச்சான்னுதான் பாத்த.

திட்டணும்னா திட்டு, கெளம்பிக்கிட்டே திட்டு.

சரி. சரி. ஆமா, கம்பளி கொட்டாயில இருக்கு. கயிறு போன வாரமே மாத்தினேன். நானும் வர்றேன்... ஏன் கூடாது? முப்பது வருசம் நானும் படகு ஓட்டினவதான்... சரிடா, சரி. இங்கேயே இருக்கேன். விளக்கப் போட்டு வைக்கிறேன்.

துறைக்கு வந்துட்டியா? ஆமா, பாத்துட்டேன், கையக் காட்டு... படகுல ஏறு. போன கீழ வைக்காத, நான் பேசிக்கிட்டே... என்ன? எஞ்சின் சத்தத்துல கேக்கல! சத்தமா!

கெழக்க... கெழக்க போ! குதிரைங்க ஏறுற மேட்டுக்கு நேரா வேணாம், ஓடை வாய்க்குப் போ!

மழை எறங்கிருச்சுடா. அக்கரை தெரியல எனக்கு.

டால்டன், கேக்குதா? இன்னைக்குக் கூடையப் பாக்காத. ஆள எண்ணு. போறது ஒருத்தன்... வர்றது ரெண்டு பேரா இருக்கணும். ரெண்டு. சொல்லு, ரெண்டுன்னு சொல்லு...

ஹலோ?... டால்டன்?

...இந்த நாய் ஏன் சத்தத்த நிறுத்திட்டு அக்கரைப் பக்கமே பாக்குது?

ஹலோ?